ஆறு மணியில் நடுக்கம், எட்டு மணியில் வழுக்கல்: எம்.எஸ். நோயோடு சைக்கிள் ஓட்டும் ஒரு அக்காவின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவருக்கு 38 வயது. மண்டபம் ஒன்றியத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்து அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு டீச்சர், எனக்கு அக்கா. "எழுது தம்பி, பேரை மட்டும் போட்றாத" என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஊர்ப் பெயரும் இங்கே இல்லை. நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். எங்கள் பக்கம் பக்கவாதம், முழங்கால் தேய்மானம், படகில் விழுந்து முதுகில் அடிபட்டவர்கள் என்றுதான் அதிகம் வருவார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., அபூர்வம். அதிலும் "நடைய அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல சைக்கிளைச் சரிபண்ணிக் குடு" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கும் மையத்துக்கும் 3 கிலோமீட்டர். அந்த உள்ரோட்டில் பஸ் இல்லை. நடந்தால் இருநூறு மீட்டரில் வலது கால் மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. கால் சுற்றினால் போதும். நடக்கச் சிரமப்படும் எம்.எஸ். நோயாளிகளில் சிலர் சைக்கிளில் நன்றாகப் போவதற்கு இதுதான் காரணம். "நடக்கவே தடுமாறுறவளுக்கு சைக்கிள் எதுக்கு?" என்று அவருடைய நாத்தனார் என்னிடம் கேட்டார். அக்காவுக்கு ஊன்றுகோலே அந்தச் சைக்கிள்தான் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

வந்தபோது இருந்த நிலை

நான்கு வருடங்களுக்கு முன்னால் வலது கண் இரண்டு வாரம் மங்கியது. தானாகத் தெளிந்தது, விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து இடுப்பைச் சுற்றிக் கயிறு இறுக்கிக் கட்டியதுபோல ஒரு பிடிப்பு. கூடவே வலது கால் மரத்துப்போனது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத் தண்டு நீரும் எடுத்துப் பார்த்து எம்.எஸ். என்று உறுதி செய்தார்கள். விட்டுவிட்டு வரும் வகை. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழையின் மேலுறையான மயலினைத் தாக்குகின்றன. உறை போன இடத்தில் சேதி மெதுவாகப் போகும், சில சமயம் போகாமலே நின்றுவிடும். எந்த இடத்தில் உறை போனதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். இரண்டு எம்.எஸ். நோயாளிகள் ஒன்றுபோல இருப்பதில்லை, அதனால் இந்த ஆய்வில் உள்ளதை அப்படியே இன்னொருவருக்குப் பொருத்தக் கூடாது.

போன தை மாதம் முதன்முதலாக வீட்டுக்குப் போனபோது வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது. மகள் பிளஸ் ஒன் படிக்கையில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள், குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் மாடல். உப்புக்காற்றில் எல்லா இரும்பும் துருப்பிடித்திருந்தது, பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கில், வலது பக்கத்ததன் வெளிப்பக்கம் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளவென்று இருந்தது. அக்காவின் வலது செருப்பைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கத்து ஓரம் தேய்ந்து வார் அறுகிற நிலை. பாதம் உள்பக்கம் திரும்பி, ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது.

"கால் இழுக்குது தம்பி" என்பதுதான் அவருடைய ஒரே புகார். வழுக்கினாலும் இழுக்குது, நடுங்கினாலும் இழுக்குது, விறைத்து நின்றாலும் இழுக்குது. அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை கோளாறு இருக்கிறது என்று பிரித்தெடுக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. பிரிக்காமல் அவசரப்பட்டதால் ஒரு தப்பும் செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தது

நம் ஊர்ச் சைக்கிளில் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதுவே நமக்குப் பரிசோதனைக் கருவி. அக்காவின் வீட்டுக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஏறி உட்கார்ந்து பெடல் மிதித்தார். வலது பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, பெடல் போகும் வட்டம் ஒரு கடிகார முகமாகத் தெரிந்தது. மேலே பன்னிரண்டு, முன்னால் மூன்று, அடியில் ஆறு, பின்னால் ஒன்பது.

பன்னிரண்டு மணியில் வலது தொடை தானாக எழும்பவில்லை. இடது கால் அழுத்துவதால்தான் வலது பெடல் மேலே வருகிறது. முழங்காலும் உள்பக்கம் சாய்கிறது, தொடையின் உள்தசை இறுகியிருப்பதன் வேலை இது. இரண்டிலிருந்து நான்குவரை நல்ல அழுத்தம், அங்கே பழுதில்லை. ஆறு மணிக்கு வந்ததும் முழங்கால் நீண்டு, பெடலில் இருந்த முன்பாதம் மேல்நோக்கி மடங்கி, கெண்டைக்கால் தசை இழுபடுகிறது. அந்த இழுப்புதான் நடுக்கத்தைக் கிளப்பிவிடுகிறது. குதிகால் தடதடவென்று துடிக்கத் தொடங்கும். அக்கா சொன்ன உவமை சரியாகப் பொருந்தியது: "தையல் மெஷின் ஊசி மாதிரி." மருத்துவத்தில் குளோனஸ் என்பார்கள். எட்டு மணிக்கு, பெடல் பின்பக்கமாக ஏறும்போது, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்குப் பலம் இல்லாததால் நுனிப்பாதம் தொங்கி, கால் முன்பக்கமாக வழுக்கி இறங்குகிறது.

ஆறில் இருப்பது இறுக்கம், எட்டில் இருப்பது பலவீனம். பாதத்தைக் கட்டினால் எட்டு சரியாகலாம், ஆறு மோசமாகும். இறுக்கத்துக்கு மாத்திரையைக் கூட்டினால் ஆறு அடங்கலாம், எட்டும் பன்னிரண்டும் இன்னும் தளரும்.

இன்னொன்றும் இருந்தது. கண்ணை மூடச் சொல்லி வலது கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். பத்தில் நான்குதான் சரியாகச் சொன்னார். கால் எங்கே இருக்கிறது என்ற சேதியே மூளைக்குச் சரியாகப் போகவில்லை. அதனால்தான் ஓட்டும்போது அடிக்கடி குனிந்து காலைப் பார்க்கிறார். குனிந்தால் ஹேண்டில் சாயும், சைக்கிள் ரோட்டோரக் கருவேல முள்ளைப் பார்த்துப் போகும்.

நான் செய்த தப்பு

இரண்டாவது வாரமே, அந்த வீடியோவை நிதானமாகப் பார்ப்பதற்கு முன்னால், வழுக்கலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பழைய டியூபைக் கிழித்து வலது பாதத்தைப் பெடலோடு கட்டிவிட்டேன். முதல் நாள் கால் வழுக்கவே இல்லை, அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாம் நாள் ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் பிடித்தார். பழக்கத்தில் வலது காலைத்தான் ஊன்றப் பார்த்தார். கால் அடியில் விறைத்து நின்றுவிட்டது, டியூபும் விடவில்லை. வலப்பக்கமாக, ரோட்டின் நடுவைப் பார்த்து விழுந்தார். பின்னால் வந்த மீன் வண்டி பிரேக் போட்டு நின்றது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போனது. அக்கா என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டு வாரம் சைக்கிள் பக்கமே போகவில்லை. எனக்கு அந்த மீன் வண்டி பல நாள் கண்ணுக்குள்ளேயே நின்றது. இரண்டு சக்கர வண்டியில், இறுகும் காலைப் பெடலோடு கட்டக் கூடாது. இதைப் படிக்கிற யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

மாற்றியவை

முதலில் சீட்டை இறக்கினோம், கிட்டத்தட்ட நான்கு விரல் அளவு. அடியில் பெடல் வரும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும். இரண்டாவது, பெடலை முன்பாதத்தில் வைக்காமல் நடுப்பாதத்தில், வளைவுக்குக் கீழே வைக்கப் பழக்கினேன். கெண்டைக்கால் இழுபடுவது குறைந்தது, ஆறு மணி நடுக்கம் பாதிக்குப் பாதி அடங்கியது. சீட்டு தாழ்ந்ததால் தொடை சீக்கிரம் சோர்ந்தது, முழங்காலிலும் லேசாக வலி வந்தது. அது தெரிந்தே ஒத்துக்கொண்டதுதான்.

வழுக்கலுக்குச் சைக்கிள் கடை பாய்தான் வழி சொன்னார். பெடலின் முன்பக்கமும் கிராங்க் பக்கமும் ஒரு விரல் உயரத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். கால் முன்னால் வழுக்காது, உள்பக்கம் உரசாது, பின்பக்கம் திறந்திருப்பதால் எடுக்க நினைத்தால் பின்னுக்கு இழுத்தால் போதும். தகட்டில் செருப்பு முட்டுவது, மரத்த பாதத்துக்குக்கூட அழுத்தமாகத் தெரிந்தது. கால் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சேதி கிடைத்தது. ரப்பர் செருப்பை விட்டுவிட்டுக் குதிகாலுக்கு வார் வைத்த செருப்புக்கு மாறினார். நுனிப்பாதம் தொங்காமல் இருக்க, செருப்பின் முன்வாரிலிருந்து கெண்டைக்குக் கீழே ஒரு எலாஸ்டிக் பட்டை. டியூபை இதற்குப் பயன்படுத்துவதில் ஆபத்தில்லை, இது பெடலைத் தொடுவதே இல்லை. பாதத்தைக் குனிந்து பார்ப்பதற்குப் பதில் முழங்காலை ஓரக்கண்ணால் பார்க்கச் சொன்னேன். ஹேண்டில் பிடிக்கு நேராக முழங்கால் வந்தால் பாதமும் சரியாக இருக்கும். பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வலப்பக்கம் ஒரு கண்ணாடி.

பாய் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். செயின் துருப்பிடித்து ஒரு கண்ணி மடங்காமல் இருந்தது. அது பல்சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் பெடல் ஒரு வெட்டு வெட்டும். திடீர் வெட்டுதான் குளோனஸுக்குத் தீனி. புதுச் செயின் போட்டு, வாரம் ஒருமுறை எண்ணெய் விட ஆரம்பித்தோம். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை மருந்துச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம் என்பேன்.

ஏறுவதும் இறங்குவதும்தான் அதிகம் விழ வைக்கும் இடங்கள். பழைய முறையில் ஒரு காலைப் பெடலில் வைத்துத் தத்தி ஏறுவார், அதை விட்டோம். முதலில் உட்கார வேண்டும், இடது பெடல் இரண்டு மணி வாக்கில் முன்னால் இருக்க வேண்டும், இடது காலால் கிளப்ப வேண்டும், வண்டி உருண்ட பிறகே வலது கால் பெடலுக்கு வரும். நிற்கும்போது இடது கால்தான் ஊன்றும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது காலுக்கு ரோட்டோரம் கிடைக்கிறது, அது அக்காவின் அதிர்ஷ்டம். நடுக்கம் பிடித்தால் மிதித்துச் சண்டை போடக் கூடாது. பெடலைப் பின்னுக்குச் சுற்றி வலது காலை மேலே கொண்டுவந்து, முழங்கால் மடங்கிய நிலையில் வண்டியை உருளவிட வேண்டும். சில நொடியில் அடங்கிவிடும். இதையெல்லாம் ஸ்டாண்டிலேயே ஒரு மாதம் பழகினோம். கெண்டைக்கும் தொடை உள்தசைக்கும் நீட்டிப் பிடிக்கும் பயிற்சி, ஒவ்வொன்றும் அரை நிமிடம், தினம் காலையில்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். இறுகிய தசையை வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்றைத் தாண்டினால் அக்காவுக்கு நடுக்கம் வந்தது. குழந்தைகளுக்கு ஒண்ணு, ரெண்டு எண்ணிச் சொல்லும் நிதானத்தில் மிதிக்கச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் வந்தார். முதல் வாரம் ஒரு நடைக்குப் பதினோரு தடவை வழுக்கியது, தடைக்காலம் முடியும்போது இரண்டு தடவை. எண்ணிச் சொன்னவர் அவர்தான்.

வெயிலும் ஐஸும்

ஆனால் தடைக்காலம் என்றால் அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான். காலையில் நன்றாகப் போனவர், மாலை திரும்பும்போது ஒன்றரைக் கிலோமீட்டரில் காலில் பலம் இழந்தார். கண்ணும் மங்கியது. நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே கலங்கியது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், உறை போன நரம்பில் சேதி நின்றுபோகும்; சூடு தணிந்தால் திரும்ப வரும். 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் இதை எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஸ்கேன் வராத காலத்தில் சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக்கூட எம்.எஸ். இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். இந்தச் சூட்டால் புதிய சேதம் வருவதில்லை. ஆனால் ரோட்டின் நடுவில் கால் நின்றுபோனால் விழுவது விழுவதுதான்.

எங்கள் கரையில் வியர்வை காய்வதே இல்லை, காற்றில் அவ்வளவு ஈரம். அதனால் வெறும் நிழல் போதவில்லை. படகுக்கு ஏற்றும் ஐஸில் ஒரு கட்டியை உடைத்துப் பெட்டியில் வைத்து மையத்துக்கு அனுப்பத் தொடங்கினார் வீட்டுக்காரர். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஐஸ் சுற்றிய ஈரத்துண்டு கழுத்தில், ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் உள்ளே. போகிற நேரம் காலை ஏழுக்கு முன். பாதி வழியில் பனைமரத்தடிக் கல்லில் கட்டாயம் ஐந்து நிமிட ஓய்வு, களைத்தாலும் களைக்காவிட்டாலும். களைத்த பிறகு ஓய்வெடுத்தால் எம்.எஸ். காலுக்குத் தாமதமாகிவிடுகிறது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று. போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று. எதிர்காற்றில் அழுத்தி மிதித்தால் இறுக்கம் கூடும். அடங்காத நாளில் மகள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய்விட்டாள். அதை அக்கா தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க நான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

தண்ணீர் குடிக்காததால் வந்த இறுக்கம்

ஆவணியில் ஒரு வாரம் வலது கால் மரக்கட்டை மாதிரி ஆனது. ஸ்டாண்டில்கூடச் சுற்ற முடியவில்லை. மதுரைக்குப் போகலாம் என்று பை கட்டிவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்ததில் சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எம்.எஸ்.ஸில் சிறுநீரை அடக்க முடியாத அவசரம் வருவது சகஜம். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நான் கொடுத்த குளிர்ந்த தண்ணீரைக்கூடக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். சிறுநீர்த் தொற்று, அதோடு மலச்சிக்கல். இரண்டுமே தசை இறுக்கத்தை ஏற்றும். உள்வளர்ந்த நகம், இறுக்கமான செருப்பு, தோல் புண்ணும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்து மருந்து கொடுத்தார்கள், பத்து நாளில் கால் பழைய நிலைக்கு வந்தது. எட்டு மாதம் காலையே பார்த்துக்கொண்டிருந்த நான், இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண் பணியாளரை அழைத்துப்போய்க் கேட்டிருந்தால் அக்காவும் தயங்காமல் சொல்லியிருப்பார். இப்போது புறப்படும் முன் கழிப்பறை, வழியோரத்தில் தெரிந்த ஒரு வீட்டில் அனுமதி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் என்று வைத்திருக்கிறோம்.

மாத்திரையைப் பற்றியும் சுருக்கமாக. இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் எடுக்கிறார். புரட்டாசியில் அளவைக் கூட்டியபோது நடுக்கம் நின்றது, ஆனால் இறங்கி நிற்கும்போது முழங்கால் மடிந்தது. அந்த இறுக்கத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். வீடியோவைக் காட்டியதும் மருத்துவர் அளவைக் குறைத்து, புறப்படும் நேரத்தோடு பொருத்திக் கொடுத்தார். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

கார்த்திகைக்குப் பிறகு

கார்த்திகையில் வந்தது நிஜமான திரும்பல். காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, இரண்டு நாளாகியும் குறையவில்லை, நல்ல காலான இடது காலும் தளர்ந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் புதிய அறிகுறி நின்றால் காத்திருக்கக் கூடாது. மதுரையில் ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். இடது கால் பெரும்பாலும் திரும்பியது, முழுசாக இல்லை. ஊன்றிக்கொள்ள ஒரு நம்பிக்கையான கால் இல்லாதபோது இரண்டு சக்கரத்தில் அனுப்ப எனக்கு மனமில்லை, சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மூணு சக்கரம்னா பிள்ளைங்க சிரிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

பாய் அதே சைக்கிளின் பின்பக்கத்தில் அச்சு நீட்டி இரண்டு சக்கரம் பொருத்தினார். பின் பல்சக்கரமான ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றினார், மிதி லேசானது. இப்போது நிற்கும்போது கால் ஊன்ற வேண்டாம், விறைத்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அதனால் அன்று தப்பாகப் போன கட்டு இன்று சரியானது: குதிகாலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, மேலே வெல்க்ரோ பட்டை. மூன்று சக்கரத்துக்கும் தொல்லை உண்டு. ரோடு ஓரம் சரிந்திருப்பதால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மணல் ஏறிய இடத்தில் ஒரு சக்கரம் புதைகிறது. திருப்பத்தில் உடம்பைச் சாய்த்துப் பழகியவர் சாய்க்காமல் ஹேண்டிலை மட்டும் திருப்பப் பழக இரண்டு வாரம் ஆனது. வேகமாகத் திருப்பினால் கவிழும். சேலை பின் அச்சில் சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கிறோம்.

எம்.எஸ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று என்பது அவருக்குத் தெரியாது. சான்றிதழுக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறோம்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம், பனைமரத்தடி ஓய்வையும் சேர்த்து. வலது காலில் ஆறு மணி நடுக்கம் இன்னும் இருக்கிறது, பயணத்தின் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் வருகிறது. எட்டு மணி வழுக்கல் இல்லை. வெல்க்ரோவில் மணலும் உப்பும் ஏறிப் பிடிப்பு போய்விட்டது; பாயிடம் தோல் பட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். பங்குனி வெயில் ஏறுவதற்குள் சீட்டை மறுபடி ஒரு விரல் உயர்த்திப் பார்க்க வேண்டும், முழங்கால் வலிக்காக. மையத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. மாலையில் பின் கூடையில் யார் உட்காருவது என்பதில்தான் சண்டை, அக்கா யாரையும் ஏற்றுவதில்லை.